விளையாட்டுப் பூங்காவும் வீட்டுக் கணக்கும்

மாந்தர் வாழ்க்கைக்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது ஓய்வு. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்கும் முறையைப் பத்துக் கட்டளைகளுள் ஒன்றாகவே நம் வேதம் வைத்துளது. ஆதலின், ஆண்டு முழுதும் பாடுபட்ட குடும்பத்தார் சின்னாள் வீட்டை விட்டுப் புறம்போந்து, தம் மக்களோடு விளையாடி மகிழ்ந்து மீளுதலைக் குறை கூறுவார் இலர். ஆயினும், சின்னாள் ஓய்வின் பொருட்டுச் செய்த செலவு பின்னர்ப் பல்லாண்டு உழைத்துத் தீர்க்கவேண்டிய கடனாய் முடியுமாயின், அவ்வோய்வே ஒரு சுமையாய்விடும். இவ்வுண்மை நன்கு விளங்குமிடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் குடும்பத்தோடு சென்று தங்கிவரும் பெரிய விளையாட்டுப் பூங்காக்களாம். அத்தகைய பயணத்திற்கு வரவு செலவுத் திட்டம் வகுக்கும் முறையை இச்சிறு கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

கடல் கடந்த நாட்டின் கேளிக்கைச் செலவைத் தமிழ் பயில்வார் ஆராய்தல் எற்றுக்கென வினவுவாரும் உளராகலாம். திருவள்ளுவர், செலவு வருவாயினும் மிகலாகாது என்னும் கருத்தைப் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வைத்திலர். தன் வலியும் மாற்றான் வலியும் அளந்தறிதலைக் கூறும் வலியறிதல் என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். செலவை அளந்தறிதலும் தன் வலியை அளந்தறிதலேயாம் என்பது அவர் கருத்துப் போலும். மயிற்பீலியேயாயினும் மிகுத்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் அவ்வதிகாரத்ததே. சிறு செலவுகளின் இயல்பை விளக்குதற்கு அதனினும் ஏற்ற உவமையை நாம் கண்டிலேம். லூக்கா எழுதிய சுவிசேஷத்திலும், செலவைக் கணக்கிடாது கோபுரங் கட்டத் தொடங்கி இடையில் நின்றவன் பிறர் நகைக்கு இடமாதல் கூறப்பட்டுளது. ஆகவே இப்பொருள் நமக்கு அயலதன்று. இடம் மட்டுமே அயலது.

இனிப் பூங்காக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். டென்மார்க்கு நாட்டில் கோபன்ஹேகன் நகரையடுத்த பாக்கன் என்னும் பூங்கா 1583ஆம் ஆண்டில் தோன்றியது; உலகிலுள்ள களியாட்டுப் பூங்காக்களுள் அதுவே மிகப் பழையது என்பர். அந்நகரினுள்ளே திவோலி என்னும் பூங்கா 1843இல் திறக்கப்பட்டது. திரைப்படத் துறையிற் பெயர்பெற்ற வால்ட் டிஸ்னி என்பார் 1951இல் திவோலியைக் கண்டு அதன் தூய்மையையும் ஒழுங்கையும் வியந்தனர். அவர் கலிபோர்னியா மாகாணத்து ஆனஹைம் நகரில் அமைத்த டிஸ்னிலாந்து 1955ஆம் ஆண்டு ஜூலை 17இல் திறக்கப்பட்டது. அவர் மறைந்தபின், புளோரிடா மாகாணத்து ஓர்லாண்டோ நகரையடுத்து வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1இல் தொடங்கப்பெற்றது. இன்று அதனகத்தே நான்கு பூங்காக்கள் உள. ஒரு கதையையோ ஒரு காலத்தையோ ஒரு நாட்டையோ கருவாகக் கொண்டு, கட்டடம், உடை, உணவு, இசை ஆகிய யாவும் அதற்கிசைய அமைக்கப்படுதலே ஏனைய பூங்காக்களினின்று இவற்றை வேறுபடுத்துவதாம்.

டிஸ்னிலாந்து தொடங்கிய நாளில் வாயிற் கட்டணம் பெரியவர்க்கு 1 டாலரே. உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியே பணங் கொடுக்கவேண்டும். அவ்வாண்டு அக்டோபரிற் சீட்டுப் புத்தகம் வந்தது. நுழைவும் எட்டுச் சவாரிகளும் அடங்கிய புத்தகம் பெரியவர்க்கு இரண்டரை டாலர். சவாரிகள் தரத்திற்கேற்ப ஏ, பி, சி என வகுக்கப்பட்டன. பின்னர் டி வகையும், 1959இல் ஈ வகையும் சேர்ந்தன. ஈ சீட்டே உயர்ந்தது. அதனால், சிறந்த பொருள் எதனையும் ஈ சீட்டு எனக் குறிக்கும் வழக்கும் ஆங்கிலத்திற் புகுந்தது. 1982இல் இம்முறை ஒழிந்தது. அதன்பின் வாயிலில் ஒருமுறை பணங்கட்டினால் உள்ளே வேண்டியவாறு ஏறி இறங்கலாம் என்னும் முறையே நிலைத்தது.

இவ்விரு முறைகளுள் பூங்காவினர்க்கு ஊதியம் தருவது யாது? இவ்வினாவை, கண்பார்வை இழந்தும் கல்வியில் தளராத வால்ட்டர் ஓய் என்னும் பொருளியற் புலவர் 1971இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்தார். டிஸ்னிலாந்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் காட்டிய உண்மையை எளிமையாகச் சொல்லுமிடத்து, ஒருவன் பூங்காவினுள் நாள் முழுதும் துய்க்கும் இன்பத்திற்கு அதிகமாக எவ்வளவு கொடுக்க மனங்கொள்வானோ அதனை வாயிலிலேயே பெற்றுக்கொண்டு, உள்ளே சவாரிகளை மிகக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ விடுதல் சில நிலைமைகளிற் பூங்காவினர்க்கு மிக்க ஊதியந் தரும் என்பதாம். ஆகவே உள்ளே யாவும் இலவசம் என்னும் எண்ணம் பொருந்தாது. அவற்றின் விலை முன்னரே வாயிலிற் செலுத்தப்பட்டது. குடும்பக் கணக்கு எழுதுவோர் முதற்கண் உணரத்தக்கது இதுவேயாம். ஏறாத சவாரிக்கும் பணங் கொடுத்தாயிற்று. வரிசையில் நிற்க மாட்டாத பாட்டியாரும் ஏறுவோர்க்குரிய கட்டணத்தையே கட்டுகின்றார்.

அண்மைக் காலத்தில் வேறு இரு மாறுதல்கள் நேர்ந்தன. முதலாவது, நாளுக்கேற்ற விலை. டிஸ்னிலாந்தில் 2016இல் ஒரு நாட் சீட்டுக்கு மூவகை விலை ஏற்பட்டது. கூட்டம் மிக்க நாளில் விலை மிகுதி, குறைந்த நாளில் விலை குறைவு. ஓர்லாண்டோவிலும் 2016 முதல் இம்முறை உண்டு. 2022 டிசம்பர் முதல் அங்குள்ள மாஜிக் கிங்டம் என்னும் பூங்காவின் ஒரு நாட் சீட்டு, நாளைப் பொறுத்து 124 டாலர் முதல் 189 டாலர் வரை விற்கப்பட்டது. 2024 அக்டோபரில் டிஸ்னிலாந்தின் ஒரு நாட் சீட்டு 104 டாலர் முதல் 206 டாலர் வரை ஆயிற்று. 1955 முதல் 2024 வரை அந்நாட்டிற் பொதுவான விலைவாசி ஏறக்குறையப் பன்னிரு மடங்கு உயர்ந்தது. அக்கணக்கின்படி பழைய இரண்டரை டாலர்ப் புத்தகம் இன்று 30 டாலர் அளவினதாதல் வேண்டும். சவாரிகள் பெருகினமையும் ஈண்டு நினைக்கத்தக்கதே. எனினும் பூங்காவின் விலை நாட்டு விலைவாசியைப் பன்முறை கடந்து சென்றது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, காத்திருத்தற்கும் ஒரு விலை வைக்கப்பட்டமை. 1999 முதல் டிஸ்னி பூங்காக்களில் ஃபாஸ்ட்பாஸ் என்னும் ஏற்பாடு இருந்தது. குறித்த நேரத்தில் வந்து நீண்ட வரிசையைத் தவிர்ப்பதற்குக் கட்டணமில்லாத சீட்டு அது. 2021இல் அதற்குப் பதிலாகக் கட்டண முறை புகுந்தது. 2024இல் அதன் பெயர் லைட்னிங் லேன் என மாறியது. நாளுக்கும் இடத்திற்கும் ஏற்ப அக்கட்டணமும் வேறுபடும். பொருள் உடையார் விரைந்து செல்ல, அஃதிலார் வெயிலில் நிற்கும் இவ்வேற்பாட்டின் நேர்மையை ஈண்டு ஆராயப் புகுந்திலேம். ஆயினும் ஒரே பூங்காவில், ஒரே வயதுச் சிறுவர் இருவர், தந்தையர் பணப்பையின் கனத்திற்கேற்ப இரு வரிசையில் நிற்றல் சிந்திக்கத்தக்கது.

இனிச் செலவுகளை ஆறு தலைப்பின்கீழ் அடக்கலாம். அவை போக்குவரத்து, தங்குமிடம், நுழைவுச் சீட்டு, உணவு, சில்லறைச் செலவு, எதிர்பாராச் செலவு என்பன. பலர் சீட்டின் விலையை மட்டும் அறிந்து புறப்பட்டு ஏனையவற்றில் இடர்ப்படுகின்றனர். விளம்பரத்திற் காணும் விலையில் வரி சேர்ந்திராது என்பதையும் மறத்தல் ஆகாது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் பெரும்பகுதி அமைந்துள்ள ஆரஞ்சு கவுண்டியில் விற்பனை வரி நூற்றுக்கு ஆறரை. விடுதி வாடகைக்குச் சுற்றுலா வரியும் கூடி நூற்றுக்குப் பன்னிரண்டரை. வயதுக் கணக்கும் அறியத்தக்கது. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அப்பூங்காவிற் கட்டணமில்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை குழந்தைச் சீட்டு. அது பெரியவர் சீட்டினும் சிறிதே குறைந்தது. பத்து வயதானால் பெரியவரேயாவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்குவோம். அட்லாண்டா நகரில் வாழும் தந்தை, தாய், பதினொரு வயது மகள், எட்டு வயது மகன் ஆகிய நால்வர் தம் காரில் ஓர்லாண்டோ சென்று, நான்கு இரவு தங்கி, மூன்று நாள் பூங்காக்களைக் காண்பதாகக் கொள்வோம். பின்வரும் தொகைகள் கணக்கின் போக்கை விளக்குதற்கு நாம் வைத்துக்கொண்டவை. செல்வோர் அந்நாளைய உண்மை விலைகளை இட்டுக்கொள்க.

போகவரவும் அங்குத் திரியவும் ஏறக்குறைய 980 மைல். அதற்குப் பெட்ரோல் 130 டாலர். பூங்காவிற்கு வெளியே எளிய விடுதி இரவொன்றுக்கு 120 டாலராக 480, வரி 60, ஆக 540. மூன்று நாட் சீட்டு, பெரியவர் கணக்கில் வரும் மூவர்க்குத் தலைக்கு 420 ஆக 1260, சிறுவனுக்கு 405, வரி 108, ஆக 1773. கார் நிறுத்தக் கட்டணம் நாளுக்கு 30 ஆக 90. உணவு ஐந்து நாளைக்கு 500. வரிசையைத் தவிர்க்கும் சீட்டு ஒரு நாளைக்கு மட்டும் நால்வர்க்கு 100. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஆளுக்கு 30 ஆக 60. இவற்றின் கூடுதல் 3193 டாலர். எதிர்பாராச் செலவுக்குப் பத்திலொரு பங்காகிய 319 சேர்த்தால் 3512 ஆகும்.

இக்கணக்கினின்று அறியலாகும் உண்மைகள் சில உள. நுழைவுச் சீட்டே மொத்தத்திற் பாதிக்கு மேற்பட்டது. ஆதலின் சிக்கனத்தை அங்கே தொடங்குதல் தக்கது. பொம்மைக்குக் கேட்ட 10 டாலரைச் சினந்து மறுக்கும் தந்தை, பயண நாளைச் சிறிது மாற்றினால் அதனினும் பன்மடங்கு மிச்சப்படுத்தலாம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் ஈஸ்டரையொட்டியும் விலை உயர்ந்திருக்கும். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் தாழ்ந்திருக்கும். ஆயின் அக்காலம் புளோரிடாவிற் கடும் வெப்பமும் புயலும் உள்ள பருவம், பள்ளியும் தொடங்கியிருக்கும். விலை குறைதற்குக் காரணம் உண்டென்பதையும் உணர்ந்தே நாளைத் தெரிதல் வேண்டும்.

மற்றொன்று, சீட்டு வாங்கும் நாள்களின் தொகை மிகுந்தோறும் நாளொன்றுக்குரிய விலை குறையும். இதனைக் கண்டோர், நான்காம் நாள் மலிவெனக் கருதி நாளைக் கூட்டுவர். சீட்டு மலிவே, ஆனால் அந்நாளைக்கு இரவு வாடகையும் உணவும் கார் நிறுத்தக் கட்டணமும் கூடுகின்றனவே! ஒரு நாளின் உண்மை விலை இவையெல்லாம் சேர்ந்ததாம். இதற்கு மாறாக, ஒரு நாளைக் குறைப்போர் சீட்டிற் பெரும்பொருள் மிஞ்சுமென எதிர்பார்த்து ஏமாறுவதும் உண்டு. இரண்டு வகையிலும் முழுக் கணக்கையே நோக்குதல் நன்று.

மகிழ்ச்சியைக் குறையாது செலவைக் குறைக்கும் வழிகளும் உள. டிஸ்னி பூங்காக்களினுள் வெளியுணவு கொண்டுசெல்லத் தடையில்லை. ஆயினும் கண்ணாடிக் கலங்களும் மதுவகைகளும் விலக்கப்பட்டவை. விரைவுணவுக் கடைகளிற் குளிர்ந்த நீரைக் கேட்டால் விலையின்றித் தருவர். புளோரிடா வெயிலில் நால்வர் நாள் முழுதும் புட்டி நீர் வாங்கிப் பருகுஞ் செலவு மேற்கூறிய மயிற்பீலி போல்வதே. கைக்குழந்தை உடையார், பெற்றோருள் ஒருவர் சவாரி செய்ய மற்றவர் குழந்தையோடிருந்து, பின்னர் மீண்டும் வரிசையில் நில்லாது மாறிக்கொள்ளும் ஏற்பாடு கட்டணமின்றியே உண்டு. வாயில் திறக்குமுன் சென்று நிற்போர்க்கு முதல் இரண்டு மணி நேரத்தில் கிட்டும் சவாரிகள், நண்பகலில் வந்தோர்க்கு விலை கொடுத்தாலன்றிக் கிட்டுவது அரிது.

இனி, பெரும்பெயர் பெற்ற பூங்காவுக்கே செல்லவேண்டுமென்பதும் இல்லை. பென்சில்வேனியா மாகாணத்தில் எலிஸ்பர்க்கு என்னும் சிற்றூரையடுத்து 1926இல் தொடங்கிய நோபல்ஸ் என்னும் பூங்காவில் நுழைவுக் கட்டணமும் இல்லை, கார் நிறுத்தக் கட்டணமும் இல்லை. ஏறும் சவாரிக்கு மட்டும் பணங் கொடுக்கலாம். பேரக்குழந்தைகள் ராட்டினம் சுற்ற, மரநிழலிலிருந்து நோக்கும் முதியோர்க்கு அங்குச் செலவில்லை. இந்தியானா மாகாணத்தில் சாண்டா கிளாஸ் என்னும் ஊரில் 1946இல் திறக்கப்பட்ட ஹாலிடே வேர்ல்டு என்னும் பூங்காவிலோ வாயிற் கட்டணம் உண்டு. ஆயின் 2000ஆம் ஆண்டு முதல் குளிர்பானங்கள் விலையின்றி அளிக்கப்படுகின்றன. கார் நிறுத்தவும் கட்டணமில்லை. முன்னது, சிலர் மட்டும் சவாரி செய்யும் பெருங்குடும்பத்திற்கு ஏற்றது. பின்னது, நாள் முழுதும் ஏறி இறங்கும் சிறுவர் நிறைந்த குடும்பத்திற்கு ஏற்றது. தம் குடும்பத்தின் இயல்பை அறிந்து பூங்காவின் கட்டண முறையைத் தெரிதலே அறிவுடைமை.

இனித் தொகை திரட்டும் வழி. மேற்கண்ட 3512 டாலரைப் பதினெட்டு மாதத்தில் சேர்க்கவேண்டின் மாதந்தோறும் ஏறக்குறைய 195 டாலர் ஒதுக்குதல் வேண்டும். அஃது இயலாத குடும்பம் ஒன்று, அத்தொகை முழுவதையும் ஆண்டுக்கு நூற்றுக்கு 22 வட்டியுள்ள கடனட்டையிற் செலவழித்து, மாதம் 100 டாலராகக் கட்டித் தீர்க்க முற்படுவதாகக் கொள்வோம். முதல் மாத வட்டியே 64 டாலர்; ஆகவே கட்டிய நூறில் 36 டாலரே முதலிற் கழியும். இவ்வாறு கடன் தீர ஏறக்குறைய 57 மாதம் ஆகும். வட்டி மட்டும் 2170 டாலர் அளவினதாகும். எட்டு வயதிற் பூங்காவில் ஓடித்திரிந்த மகன், பன்னிரண்டு கடந்து பதின்மூன்றை நெருங்குங்கால் அக்கடன் தீரும். அதற்குள் அவன் விரும்பிய பொம்மை எம்மூலையிற் கிடக்குமோ அறியோம்!

இவ்வாறு கடன்படும் பெற்றோரை ஏளனஞ் செய்தல் முறையன்று. தம் அயலார் மக்கள் கண்டதைத் தம் மக்களும் காணவேண்டுமென்னும் அன்பே அவர்களைத் தூண்டுகின்றது. பிள்ளைப் பருவம் கடந்துவிடுமே என்னும் அச்சமும் உடன் நிற்கின்றது. விற்போரும் அவ்வன்பையும் அச்சத்தையும் நன்கு அறிவர். ஆயினும் அவ்வன்பின் வழிப் பிறந்த கடன், பின்னாளில் அதே மக்களின் கல்விக்கும் மருந்துக்கும் உரிய பணத்தை உண்ணுமன்றோ! தாயும் தந்தையும் இரவிற் கணக்குப் பார்த்து ஒருவரையொருவர் கடிந்துகொள்ளும் வீட்டில், பூங்காவிற் பெற்ற மகிழ்ச்சி நெடுநாள் தங்குவதில்லை.

ஆகலின் திட்டம் வகுக்குங்கால் மக்களையும் உடன் இருத்திக்கொள்ளுதல் சிறந்ததென நாம் கருதுகின்றோம். இத்துணைப் பணம் உளது, இதற்குள் யாது வேண்டும் எனப் பெற்றோர் வெளிப்படக் கூறினால், எட்டு வயதுச் சிறுவனும் தேர்ந்தெடுக்கக் கற்பான். மூன்றாம் நாட் பூங்காவை விடுத்து விடுதிக் குளத்தில் நீந்தலாம் என அவனே கூறுதலும் கூடும். மாதந்தோறும் உண்டியலிற் காசு சேர்வதைக் கண்டு பதினெட்டுத் திங்கள் காத்திருந்த குழந்தைக்கு, காத்திருந்த நாள்களும் பயணத்தின் பகுதியாய்விடும். இல்லை என்னும் சொல்லை அன்போடு கேட்டுப் பழகிய மக்கள் பின்னாளிற் கடனுக்கு அஞ்சி வாழ்வர்.

நம் கல்லூரியிற் பயின்று அயல்நாடு சென்று இல்லறம் நடத்தும் அன்பர்க்கும், நாளை அவ்வாறு செல்லக்கூடிய மாணவ நண்பர்க்கும் இச்சிறு கட்டுரை பயன்படுமாயின் மகிழ்வேம். பூங்காவுக்குச் செல்லற்க என்பது எம் கருத்தன்று. கணக்கை முன்னே எழுதி, பணத்தை முன்னே சேர்த்து, பின்னர்க் கவலையின்றிச் சென்று மக்களோடு மக்களாய் விளையாடி வருக என்பதே எம் கருத்து. கடனின்றித் திரும்பும் குடும்பத்திற்கு வீடு திரும்பும் வழியும் இனிதாகும்.